ஜூஸரை யார் கழுவுவது?



நோன்புக்கு இன்னும் இரண்டு கிழமைதான் இருக்கிறது. இந்தக் காலம் வந்தால் என் இன்பொக்ஸுக்கு இரண்டு வகையான கேள்விகள் வரும். ஒன்று, பிள்ளைகளின் கணக்குப் பாடம் பற்றியது. மற்றது, "சேர், போன நோன்புக்கு ஒரு ஜூஸர் போட்டோ போட்டிருந்தீங்களே, அது என்ன பிராண்ட்? வாங்கலாமா? கழுவுறது லேசா?" என்பது.

நேற்றும் ஒரு சகோதரி கேட்டிருந்தார். முதல் இரண்டு கேள்விக்கும் ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். மூன்றாவது கேள்விக்குச் சரியான பதில் சொல்வதென்றால் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கொஞ்சம் வெட்கம்தான். ஆனாலும் நாலு வீட்டுக்குப் பிரயோசனமாக இருக்குமென்றால் எழுதத்தான் வேண்டும். நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

அந்தப் போட்டோவைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மேசையில் ஆறு கிளாஸ். எல்லாவற்றிலும் கரட்டும் தோடம்பழமும் சேர்த்து அடித்த ஜூஸ். பின்னால் பளபளவென்று மெஷின். கீழே நான் எழுதியிருந்தது: "இரண்டே நிமிஷத்தில் ரெடி. அல்ஹம்துலில்லாஹ்."

சீட்டு விழுந்த காசில் 28,000 ரூபா கொடுத்து வாங்கியது. கடையில் நின்ற தம்பி ஒரு கரட்டை முழுசாக உள்ளே போட்டு, ஒரு சத்தம், அவ்வளவுதான், கீழே கிளாஸில் ஜூஸ் வந்து நின்றது. எனக்கு அந்த இடத்திலேயே மனசு விழுந்துவிட்டது. நான் ஜூஸைக் குடித்துக்கொண்டிருந்தபோது அந்தத் தம்பி மெஷினைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதை அவர் எங்கே வைத்து, எப்படி, எவ்வளவு நேரம் கழுவினார் என்பதை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்ற எண்ணமும் வரவில்லை.

எங்கள் பக்கத்து மாப்பிள்ளைமார் எல்லோரையும் போல நானும் மனைவியின் வீட்டில்தான் இருக்கிறேன். மாமா மௌத்தாகி சில வருஷமாகிறது. மாமி எங்களோடுதான். அப்போது எங்கள் சின்ன மகனுக்கு எட்டு மாதம்.

முதலாம் நோன்பன்று ஜூஸ் அடித்தோம். பக்கத்து வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் ஒவ்வொரு ஜக் அனுப்பினேன். நோன்பாளிக்கு நோன்பு திறக்கக் கொடுப்பவருக்குக் கிடைக்கும் நன்மை பற்றி நம் எல்லோருக்கும் தெரியும். அந்த நினைப்பில் நெஞ்சு நிறைந்திருந்தது. இரவு மனைவி சொன்னார்:

"இஞ்சருங்க, இதக் கழுவுறதுக்குள்ள ரெண்டு ஆணம் ஆக்கிரலாம்."

நான் சொன்ன பதிலை இப்போது எழுதக் கை கூசுகிறது. "ரெண்டு நிமிஷத்துல ஜூஸ் தாற மெஷின அஞ்சு நிமிஷம் கழுவ ஏலாதா? 28,000 குடுத்து வாங்கினது அலுமாரிக்கு மேல வைக்கவா?"

அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் அஸருக்குப் பிறகு பார்த்தால் மெஷின் சுத்தமாகக் கழுவித் துடைத்து மேசையில் இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். "பழகிட்டா" என்று எடுத்துக்கொண்டேன். இப்படியே 16 நோன்பு போனது. நோன்புக் காலத்தில் நம் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அதாவது, நானும் வீட்டில்தான் இருந்தேன்.

17ஆம் நோன்பு இரவு எனக்குத் தலைவலி. வழமையாகத் தராவீஹ் முடிந்தால் சந்தியில் கூட்டாளிமாரோடு தேத்தண்ணி குடித்து, கதைத்து, வீடு வரப் பத்தரையாகும். அன்று பாதியிலேயே எழும்பி வந்துவிட்டேன். முன்பக்கம் இருட்டு. பின்பக்கம் தண்ணீர் பைப்படியில் மட்டும் லைட் எரிந்தது. போய்ப் பார்த்தேன்.

மாமி ஒரு சின்னப் பலகையில் குந்தியிருந்தார். பக்கத்தில் ஒரு பேசினில் ஜூஸரின் துண்டுகள் ஊறிக்கொண்டிருந்தன. கையில் அந்தச் சல்லடைக் கூடை. பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றால் அதன் கண் கண்ணாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்ப்பதும், லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்ப்பதும், மறுபடி தேய்ப்பதும்.

"மாமி, தராவீஹுக்குப் போகல்லையா?"

திடுக்கிட்டு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். "வீட்டுல தொழுதுக்கிறன் மகன். இது காஞ்சிட்டா அப்புறம் போகாது."

அடுத்த ஒழுங்கையில் உள்ள மதரசாவில் வருஷா வருஷம் பெண்களுக்குத் தராவீஹ் நடக்கும். மாமி ஒருநாளும் விடுவதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டு முன்னால் நடப்பவரே அவர்தான். அந்த வருஷம் போகாமல் இருந்ததை நானும் கவனித்திருந்தேன். முழங்கால் வருத்தமாக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

வலது கைச் சுட்டுவிரலில் துணி சுற்றியிருந்தது. அதையும் நோன்பு திறக்கும் மேசையில் கண்டிருக்கிறேன். வெங்காயம் வெட்டும்போது பட்டிருக்கும் என்று அதற்கும் நானே ஒரு காரணம் வைத்திருந்தேன்.

"விரலுக்கு என்ன மாமி?"

"அது அண்டைக்கு இதுட பல்லு கீறின. ஒண்டுமில்ல."

"அவ ஏன் கழுவல்ல?"

"பச்சப் புள்ளக்காரி. மத்தச் சாமானெல்லாம் அவதான் கழுவுறா. இது மட்டும்தான் நான். நீங்க ஆசையா வாங்கின சாமான். அதால ஒரு பேச்சு வந்திரக் கூடாதெண்டுதான்."

நான் முதல் நாள் சொன்ன வார்த்தை அவர் காதிலும் விழுந்திருக்கிறது. மகளுக்கும் மருமகனுக்கும் இடையில் இன்னொரு வார்த்தை வரக்கூடாது என்று அந்த மெஷினை அவர் பொறுப்பெடுத்துக்கொண்டிருக்கிறார். இதில் இன்னொன்றும் உண்டு. மாமிக்குச் சீனி வருத்தம். கிளினிக்கில், ஜூஸாக அல்ல, பழமாகவே கொஞ்சம் சாப்பிடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அத்தனை நாளும் அந்த ஜூஸில் ஒரு கிளாஸ்கூட அவர் குடிக்கவில்லை.

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. கணக்கு வாத்தியார் அல்லவா, கணக்குத்தான் ஓடியது. ஒரு நாளைக்குக் கழுவ 20 நிமிடம். 29 நோன்பு என்று வைத்தால் 580 நிமிடம். அதாவது 9 மணித்தியாலமும் 40 நிமிடமும். நான் போட்டோவுக்குக் கீழே எழுதிய "இரண்டே நிமிஷம்" எங்கே, இது எங்கே! விலை 28,000 என்றுதான் நான் நினைத்திருந்தேன். மிச்ச விலையை இன்னொருவர் ஒவ்வொரு இரவும் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய தொழுகை நேரத்தை எடுத்து, நான் ஊருக்கு நன்மை செய்துகொண்டிருந்தேன்.

18ஆம் நோன்பிலிருந்து நான் கழுவத் தொடங்கினேன். இதைப் பெருமைக்கு எழுதவில்லை. நபியவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று ஆயிஷா நாயகி அறிவித்ததை எத்தனை ஜும்ஆவில் கேட்டிருப்போம். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, சோற்றுக் கோப்பையை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு எழும்புகிற ஆட்கள்தானே நாம். நான் அதில் முதல் ஆள்.

முதல் நாள் எனக்கு 35 நிமிடம் எடுத்தது. கழுவி முடித்து மாமியிடம் காட்டினேன். சல்லடையை வாங்கி லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "இன்னும் இரிக்கி மகன்" என்று திருப்பித் தந்தார். வகுப்பில் நான் பிள்ளைகளின் கொப்பியைத் திருப்பிக் கொடுப்பது போலவே இருந்தது.

இனி, கேட்ட கேள்விக்கு வருகிறேன். கழுவிப் பார்த்ததில் படித்தது இவ்வளவும்.

நான் வாங்கியது சுழலும் ஜூஸர். நடுவில் ஒரு சல்லடைக் கூடை. அதன் அடியில் துருவலகு போலப் பல்லுத் தட்டு. கூடை நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றும். சில மெஷின்களில் 10,000ஐயும் தாண்டும். பழம் பல்லில் பட்டுத் துருவலாகி, அந்த வேகத்தில் சல்லடையில் போய் அடிபடும். சாறு கண் வழியாக வெளியே வரும். சக்கை வேறு டப்பாவுக்குள் எறியப்படும். வேகமாக வருவதற்குக் காரணம் இந்தச் சுற்றுத்தான். கழுவக் கஷ்டமாக இருப்பதற்குக் காரணமும் அதேதான். அத்தனை வேகத்தில் எறிபட்ட நார் சல்லடைக் கண்ணுக்குள் ஊசி போலக் குத்திக்கொண்டு நிற்கும். காய்ந்துவிட்டால் பசை போட்டது மாதிரி.

மாமிக்கு 20 நிமிடம் எடுத்ததற்குப் பாதிக் காரணம் மெஷின், பாதிக் காரணம் நேரம். 6 மணிக்கு அடித்த ஜூஸரை 9 மணிக்குக் கழுவினால் அப்படித்தான். அடித்த கையோடு கழுவினால் எனக்கே கடைசியில் 8 நிமிடத்தில் முடிந்தது. நோன்பு திறக்க 15 நிமிடம் இருக்கும்போது ஆம்பிளைகள் நாங்கள் வேறு என்ன செய்கிறோம்? மேசைக்கு முன்னால் குந்திக்கொண்டு பேரீத்தம்பழத்தைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். ஜூஸரைக் கழுவ அதைவிட நல்ல நேரம் கிடையாது.

கழுவும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கடைசித் துண்டு போனதும், மெஷினை நிறுத்த முன்னர், அரைக் கோப்பை தண்ணீரை மேலால் ஊற்றிச் சில விநாடி ஓடவிடுங்கள். பாதி அழுக்கு அதிலேயே போய்விடும். பிறகு ப்ளக்கைக் கழற்றுங்கள். முதலில் கழுவ வேண்டியது சல்லடைக் கூடை. மற்றத் துண்டுகள் காத்திருக்கும், அது காத்திருக்காது. கூடையின் வெளிப்பக்கத்திலிருந்து உட்பக்கமாக பிரஷால் தேயுங்கள். நார் உள்ளேயிருந்துதான் குத்தியிருக்கிறது, வந்த வழியாகவே அதைத் திருப்பித் தள்ள வேண்டும். நான் முதல் நாள் உள்ளேயிருந்து தேய்த்து, இருந்த நாரையும் இன்னும் இறுக்கிவிட்டேன். அடித்தட்டின் பல்லில் விரலை வைக்காதீர்கள். பிரஷ் மட்டும் போகட்டும்.

சக்கை விழும் டப்பாவுக்குள் முதலே ஒரு சொப்பிங் பேக்கை விரித்துவிட்டால் அதைக் கழுவும் வேலை இல்லை. சக்கையைக் கோழிக்கோ, வாழை மரத்தடிக்கோ போடலாம். கரட் அடித்து பிளாஸ்டிக் மஞ்சளாகிவிட்டால் சவர்க்காரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். துணியில் சொட்டுத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டுப் பிறகு சவர்க்காரம் போடுங்கள். கரட்டின் நிறம் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. கிணற்றுத் தண்ணீரில் கழுவுகிற வீடுகளில் சில மாதத்தில் சல்லடையில் வெள்ளையாகப் படியும். அது தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு. வினாகிரி கலந்த தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவைத்துத் தேய்த்தால் விட்டுவிடும். கொதிதண்ணீர் ஊற்றினால் பிளாஸ்டிக் வளையும், மூடி பிறகு பூட்டாது. மோட்டர் உள்ள அடிப்பாகத்தைப் பைப்புக்குக் கீழே பிடிக்கவே கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவி, காய்ந்த பிறகு போடுங்கள். ஈரத்தோடு பூட்டி வைத்தால் உள்ளே கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும்.

அடுத்து, எந்த மெஷின் என்ற கேள்வி. நோன்பு முடிய முன்னர் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தேன்.

தோடம்பழம், தேசிக்காய் மட்டும்தான் உங்கள் வீட்டில் அதிகம் என்றால், நடுவில் கூம்பு உள்ள கைப்பிழிவானே போதும். கழுவ ஒரு நிமிடம் பிடிக்காது. கரண்டில் சுற்றும் கூம்பும் இருக்கிறது. அதிலும் இரண்டு மூன்று துண்டுதான். ஆனால் வேறு பழத்துக்கு உதவாது.

வத்தகப்பழம், அன்னாசி, பப்பாசி, மாம்பழம், ஆனைக்கொய்யா என்றால் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பிளெண்டரே போதும். பப்பாசியையும் ஆனைக்கொய்யாவையும் சுழலும் ஜூஸரில் போட்டால் சாறு வராது, சல்லடையை அப்பிக்கொள்ளும். பிளெண்டரைக் கழுவ ஒரு லேசான வழி இருக்கிறது. ஜக்கில் பாதிக்கு இளஞ்சூட்டுத் தண்ணீர், ஒரு சொட்டு சவர்க்காரத் திரவம், மூடி போட்டு அரை நிமிடம் ஓடவிட்டு, ஊற்றி, அலசுங்கள். தன்னைத் தானே கழுவிக்கொள்ளும். வடிக்க வேண்டுமென்றால் வடியையும் கழுவ வேண்டும்தான். ஆனால் வடி திறந்த சாமான், பிரஷ் எல்லாப் பக்கமும் போகும். பிளெண்டர் புதிதாக வாங்குபவர்கள் அடியில் உள்ள பிளேட்டைக் கழற்ற முடியுமா என்று மட்டும் பாருங்கள். அந்த ரப்பருக்கு அடியில்தான் மணம் பிடிக்கும்.

பெஷன் ஃப்ரூட்டைப் பிளெண்டரில் போடுபவர்கள் விட்டு விட்டு ஒரு சுற்று, இரண்டு சுற்றோடு நிறுத்துங்கள். விதை அரைபட்டால் ருசி கெட்டுவிடும். விளாம்பழத்துக்கு மெஷினே வேண்டாம். மாமி செய்வது போல, கையால் தண்ணீர் விட்டுப் பிசைந்து வடித்து, சீனியும் ஒரு கிள்ளு உப்பும் போட்டால் அதற்கு இணை கிடையாது.

மெதுவாக நசுக்கும் ஜூஸர் ஒன்று மச்சான் கட்டாரிலிருந்து கொண்டு வந்திருந்தார். மூன்று நாள் இரவல் வாங்கினேன். நிமிடத்துக்கு 100 சுற்றும் இல்லை. திருகாணி மாதிரி ஒரு தண்டு பழத்தை நசுக்கிக்கொண்டு போகும். சத்தம் இல்லை, நுரை குறைவு, சக்கை காய்ந்து வரும். வல்லாரை, இஞ்சி மாதிரிச் சாமானுக்கு நல்லது. ஆனால் சின்னச் சின்னதாக வெட்டிப் போட வேண்டும், பொறுமை வேண்டும். கழுவுவது லேசு என்று விளம்பரத்தில் சொல்வதை முழுசாக நம்ப வேண்டாம். பல்லுத் தட்டு இல்லாததால் கை வெட்டாது, அது உண்மை. ஆனால் அதிலும் சல்லடை இருக்கிறது, சக்கை வெளியேறும் துவாரத்தை ஒரு குச்சியால் தோண்ட வேண்டியிருக்கிறது. எனக்கு 12 நிமிடம் எடுத்தது. புதிதாக வரும் சிலவற்றில் சல்லடைக் கண்ணுக்குப் பதிலாக நீளக் கீறல்கள் வைத்திருக்கிறார்கள். அவற்றில் நார் சிக்குவது குறைவு. அந்த வகையில் வாங்குவதென்றால் அப்படிப்பட்டதைத் தேடுங்கள்.

இப்போது இன்னொரு கணக்கு. ஒரு கிளாஸ் அடித்தாலும் 30 கிளாஸ் அடித்தாலும் ஜூஸரைக் கழுவும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். 20 நிமிடத்தை ஐந்து கிளாஸுக்குப் பிரித்தால் ஒரு கிளாஸுக்கு 4 நிமிடம். 30 கிளாஸுக்குப் பிரித்தால் ஒரு கிளாஸுக்கு 40 விநாடி. ஆகவே சுழலும் ஜூஸர் கூடாத சாமான் அல்ல. கூல்பாருக்கும் பள்ளிவாசல் இஃப்தாருக்கும் அது நல்ல சாமான். ஐந்து பேர் உள்ள வீட்டில் தினமும் எடுப்பதற்குத்தான் அது பாரம். எங்கள் வீட்டில் இப்போது அது விருந்துக்கு மட்டும். தினமும் என்றால் பிளெண்டரும் கைப்பிழிவானும்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜூஸ் என்றால் ஆரோக்கியம் என்று நினைத்துத்தான் நானும் வாங்கினேன். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலில் பழச்சாற்றில் உள்ள இனிப்பையும், நாம் தேத்தண்ணியில் போடும் சீனியையும் ஒரே வகையில்தான் சேர்த்திருக்கிறது. முழுப் பழத்தில் உள்ளதை அப்படிச் சேர்க்கவில்லை. நாம் 20 நிமிடம் தேய்த்துத் தேய்த்து எறிகிற அந்த நாரில்தான் பழத்தின் பாதி நன்மை இருக்கிறது. வத்தகப்பழத்தை வெட்டி வைத்தால் கழுவ ஒரு கத்தியும் ஒரு தட்டும்தான். மாமி அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இதற்குப் பிறகும் ஜூஸர் வாங்கத்தான் போகிறோம் என்பவர்கள் கடையில் இவற்றைச் செய்யுங்கள்.

மெஷினை ஓடவிட்டுக் காட்டச் சொல்ல வேண்டாம். கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு நீங்களே கழற்றிப் பூட்டிப் பாருங்கள். எத்தனை துண்டு என்று எண்ணுங்கள். என்னுடையதில் 7. சல்லடையை லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பிரஷ் எல்லா மூலைக்கும் போகுமா, ரப்பர் வளையம் கழறுமா என்று பாருங்கள். சல்லடையும் ரப்பரும் தனியாக இங்கே வாங்கக் கிடைக்குமா என்று கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் சாமான் பல, ஒரு ரப்பர் வளையம் இல்லாமல் அலுமாரிக்கு மேல் ஏறிவிடுகின்றன. குசினியில் அதற்கு இடம் இருக்கிறதா என்று வீட்டில் முதலே பார்த்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக, காசைக் கொடுக்க முன்னர் உங்களையே ஒன்று கேளுங்கள். இதை யார் கழுவுவது? "நான்தான்" என்று உங்கள் மனசு சொன்னால் வாங்குங்கள். வேறு ஒருவரின் முகம் ஞாபகத்துக்கு வந்தால், வீட்டுக்குப் போய் அவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். அவர் "பரவாயில்ல, நான் கழுவுறன்" என்று சொன்னால் இன்னொரு தடவை கேளுங்கள். நம் வீட்டுப் பெண்கள் முதல் தடவை உண்மையைச் சொல்வது குறைவு. அவர்கள் சொன்ன நேரத்தில் நாம் என்ன பதில் சொல்லியிருக்கிறோம் என்று யோசித்தால் காரணம் விளங்கும்.

மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். "இப்பயாவது விளங்கிச்சே" என்றார், அவ்வளவுதான். மாமியிடம் அப்படி நேரடியாகக் கேட்க வாய் வரவில்லை. 19ஆம் நோன்பன்று இஷாவுக்குப் பாங்கு சொல்ல முன்னரே ஜூஸரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "மாமி, பக்கத்து வீட்டுல உங்களக் கூப்பிடுறாங்க, தராவீஹுக்கு நேரமாகுது" என்று மட்டும் சொன்னேன். அன்றிலிருந்து போனார். விரலும் ஆறிவிட்டது. நான் மறந்துபோய்ச் சந்தியில் நின்ற நாளும் ஒன்றிரண்டு இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். அந்த நாட்களில் ஜூஸர் அப்படியே ஊறிக்கொண்டு கிடந்தது. யாரும் தொடவில்லை. அதுவும் நல்லதுதான்.

27ஆம் இரவு. மாமி அபாயா போட்டுக்கொண்டு புறப்பட்டு, குசினி வழியாக வந்தார். நான் கழுவி வைத்திருந்த சல்லடையை எடுத்தார். லைட்டுக்கு நேரே பிடித்து, ஒரு பக்கம் திருப்பி, மறுபக்கம் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

பாஸ் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

அல்லாஹ் வரப்போகும் நோன்பை நம் எல்லோருக்கும், நம் குசினியில் நிற்பவர்களுக்கும் சேர்த்து, லேசாக்கித் தருவானாக. எங்கள் மாமியின் ஆரோக்கியத்துக்கும் துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.